தேக்குக் கதவும் பதினோரு சிவப்புப் பொட்டும்

திருத்தணி,
ஆடி மாதம் ஒன்பதாம் நாள்.

பொதட்டூர்பேட்டை கடைத்தெருவில் லுங்கிக் கடை நடத்தி நாலு பேர் மதிக்க வாழும் என் பாவா திரு. சந்திரமோகன் அவர்களுக்கு, மைத்துனன் கங்காதரன் இரு கையும் கூப்பி எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே நானும் கோமளவல்லியும் நலம், என் இடது கண் மட்டும் நீங்கலாக. அங்கே தங்கள் உடம்பு, தங்கள் கடை, என் அக்காவின் முழங்கால், அக்காவின் கோபம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். முதல் மூன்றும் நன்றாக இருக்க வேண்டும் என்றும் நாலாவது கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும் என்றும் தினம் ஒரு கற்பூரம் ஏற்றுகிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. என்ன செய்வது பாவா, தங்கள் போன் அக்காவின் கையில் இருக்கிறது. என் பெயர் அதில் வந்தால் அக்கா எடுப்பதில்லை. கோமளவல்லியின் போனிலிருந்து அடித்தால் எடுத்து, அவளிடம் கால் மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு, நான் பக்கத்தில் இருமினால் உடனே வைத்துவிடுகிறாள். அதனால்தான் தங்கள் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அவர்களை அனுப்பிவிட்டுப் படிக்கவும். சத்தமாகப் படிக்க வேண்டாம்.

விஷயம் அந்தப் பின்னறைக் கதவைப் பற்றியது. தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஆடிக் கிருத்திகை அன்று விடியற்காலையில் அக்கா குளித்துவிட்டு, மஞ்சள் புடவை கட்டிக்கொள்ள அந்த அறைக்குள் போனாள். முழங்கால் குணமானால் அத்தனை படியும் புஷ்பக் காவடியோடு ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, ஒரு மண்டலம் விரதம் இருந்து வந்தவள். அன்று தூறல். நைனா போட்ட அந்தத் தேக்குக் கதவு ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், அவசரத்தில் அழுத்திச் சாத்திவிட்டாள். அதற்குப் பிறகு கதவு அசையவில்லை. வாசலில் உங்கள் ஊர்க்காரர்கள் பம்பை அடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பூ வாடுகிறது, உள்ளேயிருந்து அக்கா தட்டுகிறாள். "உடைச்சிடலாம் மச்சான்" என்று தாங்கள் சொன்னீர்கள். நான் என்ன செய்தேன்? கதவுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, "பாவா, தேக்கு பாவா, நைனா வாங்கின தேக்கு, உடைச்சா வருமா? ஆசாரிக்கு ஆள் அனுப்பிக்கீறேன்" என்றேன். ஆசாரி வந்தபோது மணி பன்னிரண்டரை. காவடிக் கூட்டம் எப்போதோ மலையேறி இறங்கிவிட்டது.

அக்கா வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தாள். "நீ உன் தேக்கோடயே குடித்தனம் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸேறினாள். அடுத்த வருஷம் அவள் காவடி எடுத்தபோது தம்பி வீடு இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்கினாள் பாவா. அது எனக்கு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. வெளியில் மட்டும், கதவில் ஒரு குறையும் இல்லை, அவளுக்குத் திறக்கத் தெரியவில்லை என்று மூன்று வருஷம் பேசிக்கொண்டு திரிந்தேன். திருத்தணி–பொதட்டூர்பேட்டை ரூட்டில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். ஏறுகிறவனைப் பார்த்தே எங்கே இறங்குவான் என்று சொல்லிவிடுவேன். கூடப் பிறந்தவள் எப்போது திரும்ப ஏறுவாள் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் கோமளவல்லி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "கதவ சரி பண்ணுங்க. பண்ணிட்டுப் போய்க் கூப்டுங்க. நீங்க கூப்டாம அண்ணி எப்டி வருவாங்க? அவங்களும் உங்க அப்பாவுக்குப் பொறந்தவங்கதான, அதே புடிவாதம் இருக்காதா?" அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஆசாரியை வைத்துச் செய்தால், காசு கொடுத்துச் செய்தான் என்று அக்கா ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாள். என் கையால் செய்ய வேண்டும். நான் வாழ்நாளில் மரத்தில் செய்த ஒரே வேலை பென்சில் சீவியதுதான் என்பது தங்களுக்குத் தெரியும். அதனால்தான் மெஷின் வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

அரக்கோணத்தில் ஃபக்ருதீன் பாய் என்று மோட்டார் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், என் பழைய பயணி, ஒரு நாளும் சில்லறைக்குத் தகராறு செய்யாதவர். துபாய்க்குப் போன ஒரு ஆசாரி விட்டுப்போன இழைப்பு மெஷின் அவரிடம் இருந்தது. கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டினால், அடியில் இருக்கிற பிளேடு சுற்றிச் சுற்றி மரத்தைச் சீவித் தள்ளும். பழசுதான், பச்சைப் பெயிண்ட் பாதி போயிருந்தது. எவ்வளவு ஆழம் சீவ வேண்டும் என்று வைக்கிற திருகு ஒன்று முன்பக்கம் இருக்கிறது, அதில் எழுதியிருந்த எண்களெல்லாம் தேய்ந்துபோயிருந்தன. பாய் பொறுமையாக ஒரு சிவப்புப் பெயிண்ட் பொட்டு வைத்துக் கொடுத்தார்.

"சார், மூணே விசயம். இந்தத் திருக இந்தச் செவப்புப் பொட்டத் தாண்டி வெக்காதீங்க. சுச்ச வுட்டதும் ஒடனே கீழ வெக்காதீங்க, உள்ள பிளேடு சுத்திகினே இருக்கும், நின்னப்பறம் வெய்ங்க. மொதல்ல ஏதாச்சும் வேஸ்ட்டுக் கட்டைல நாலு நாளு ஓட்டிப் பாருங்க. கதவாண்ட அப்பறம் போலாம்."

"ஆங், ஆங்" என்றேன். என் கண் கடைவாசலில் நின்ற பஸ்மேல் இருந்தது. பாயின் மனைவி ரம்ஜான் பீ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணாடி போட்டுகினு ஓட்டச் சொல்லுங்க" என்றார். அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் ஒரு வரி குறைந்திருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால், கோமளவல்லி அதை வாசற்படி தாண்ட விடவில்லை. யார் வீட்டு மெஷினோ, எத்தனை பேர் கண் பட்டதோ, பூசை போடாமல் உள்ளே எடுக்கக் கூடாது என்றாள். நல்ல நேரம் பார்த்துப் பலகை போட்டு, மெஷினை உட்காரவைத்து, சந்தனத்தைக் குழைத்துக் குழைத்துத் தடவினாள். கைப்பிடியில், மூடியில், சுவிட்சில், ஓரிடம் விடவில்லை. அதன் மேல் குங்குமம். சாமந்திச் சரம். தேங்காய், கற்பூரம். இதெல்லாம் முடிந்த பிறகு எலுமிச்சம்பழம் வந்தது. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றுகிறோமே, அது. இதற்குச் சக்கரம் இல்லையே என்றேன். "சுத்துதில்ல, அப்ப சக்கரந்தான்" என்றாள். அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு பழைய பலகைமேல் பழத்தை வைத்து, சாமியைக் கும்பிட்டு, சுவிட்சை அழுத்தி மெஷினைப் பழத்தின் மேல் ஏற்றினேன்.

பஸ் சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கும், அவ்வளவுதான். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தரம் சுற்றுகிற பிளேடு பழத்தை நசுக்குவதில்லை பாவா. பழம் அங்கே இருந்தது, பிறகு இல்லை. சாறு முழுவதும், கொட்டையோடு, என் இடது கண்ணுக்குள் இருந்தது. கோமளவல்லியின் புடவையில் தோல் ஒட்டியிருந்தது. அவளோ கையைத் தட்டி, "திருஷ்டி போச்சு" என்றாள். கண் டாக்டர், எப்படி ஆனது என்று கேட்டார். மர வேலையில் எலுமிச்சம்பழம் தெறித்தது என்று உண்மையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு கறுப்புக் கண்ணாடியும் போடச் சொன்னார்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. மூன்று நாள் கழித்துக் கண் சற்றுத் தெளிந்ததும், வேஸ்ட்டுக் கட்டை தேடுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கிருத்திகை நெருங்குகிறது, தெருவில் இப்போதே மஞ்சள் வேட்டிகள் தென்படுகின்றன. நேராகக் கதவைக் கழற்றிவிட்டேன். கீலில் இருந்த திருகாணிகள் நைனா காலத்தவை, அவை வரமாட்டேன் என்று பிடித்த பிடிவாதத்தைத் தனிக் கடிதமாக எழுதலாம். கொல்லையில் இரண்டு பெஞ்சு போட்டுக் கதவைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினேன். மெஷின் ஒயரைச் சமையலறை ஜன்னல் வழியாக விட்டு, மிக்ஸிக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகினேன். பாய் சொன்ன சிவப்புப் பொட்டுக்குத் திருகைத் திருப்பலாம் என்று பார்த்தால், திருகைச் சுற்றிப் பதினோரு சிவப்புப் பொட்டு!

கோமளவல்லியின் குங்குமம் பாவா. அம்மனுக்கு வைப்பது போல வட்டம் தப்பாமல் வைத்திருந்தாள். பாயின் பெயிண்ட் பொட்டுக்கு மேலும் ஒன்று வைத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒற்றைக் கண்ணுக்கு எல்லாப் பொட்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவளையே கூப்பிட்டுக் கேட்டேன், இதில் எது பாய் வைத்தது என்று. "எல்லாம் நான் வெச்சதுதான், நல்லா இருக்குதா?" என்றாள். குங்குமத்தைத் துடைக்கலாமா என்றதற்கு, பூசை போட்ட மெஷினில் பொட்டை அழிக்கிற வீடு உருப்படுமா என்று கண்ணைக் கசக்கினாள். சரி, எல்லாவற்றிலும் பெரிதாக, பளிச்சென்று ஒன்று இருந்தது, அதுதான் பாய் வைத்ததாக இருக்கும் என்று அங்கே திருகைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அது இருப்பதிலேயே அதிக ஆழம் என்று பிறகுதான் தெரிந்தது.

சுவிட்சை அழுத்தினேன். மெஷின் கதவைக் கடித்தது. சுருள் சுருளாக வரும் என்று பாய் சொல்லியிருந்தார், எனக்கு வாழைக்காய்ச் சிப்ஸ் கணக்கில் வந்தது. பயந்துபோய்க் கையை எடுத்தேன். நிற்கவில்லை. அன்றைக்குக் குழைத்துப் பூசிய சந்தனம் சுவிட்ச் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கெட்டியாகி, அழுத்திய சுவிட்சை அழுத்தியபடியே பிடித்துவைத்திருந்தது. கீழே வைக்கலாம் என்றால், ஓடும்போது கீழே வைக்காதே என்பது பாய் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருந்த ஒரே விஷயம். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்த்துக் கத்தியது, நான் கோமளவல்லியைப் பார்த்துக் கத்தினேன்.

"ஹோல்டான்! ஹோல்டான்!" என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை பாவா, முப்பத்தொரு வருஷப் பழக்கம். பிறகு, "பிளக்கப் புடுங்கு!" என்றேன். சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் பதறிப்போய் மிக்ஸி பிளக்கைப் பிடுங்கினாள். மிக்ஸி நின்றது. "புடுங்கிட்டேங்க, இன்னும் ஏன் கத்திகினு கீறீங்க?" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அந்த மெஷின் ஒரு குழந்தை கனம் இருக்கும். அறுபது வயதுக் கை எவ்வளவு நேரம் தாங்கும்? வலிக்கும்போதெல்லாம் இறக்கிவைக்க எனக்கு எதிரில் இருந்தது ஒன்றுதான், நைனாவின் தேக்குக் கதவு. இப்படிக் கை வலித்த போதெல்லாம் கதவு இளைத்தது. பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி டீச்சர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஜன்னல்ல தொங்குற ஒயர இழுங்க!" என்று சொன்ன பிறகுதான் எனக்கே தோன்றியது, காலால் ஒயரை இழுத்ததும் மெஷின் நின்றது. அவர் கொடியில் காயப் போட்டிருந்த சர்ச்சுக்குப் போகிற வெள்ளைப் புடவையும் அதற்குள் தேக்கு நிறமாகிவிட்டது. அதற்கு அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

கதவை நிலையில் பொருத்திப் பார்த்தால், சாத்திய பிறகும் உள்ளே இருப்பவர்களிடம் கைகுலுக்கலாம் போல இடைவெளி. நான் அப்படியே கதவோரம் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முன் இதற்குக் கீறல் விழக் கூடாது என்றுதான் அக்காவை ஏழு மணி நேரம் உள்ளே நிற்கவைத்தேன். இப்போது என் கையாலேயே அதைக் கடித்துக் குதறிவைத்திருக்கிறேன். அக்காவும் போனாள், கதவும் போயிற்று பாவா. கோமளவல்லி சட்னியைக் கையால் கரைத்துத் தோசை வைத்தாள். நான் சாப்பிடவில்லை. அவள்தான் பாய்க்குப் போன் போட்டாள்.

பாய் மறுநாள் காலையிலேயே வந்தார். கதவைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பதினோரு பொட்டையும் எண்ணினார். சிரிக்க மாட்டார் என்று நினைத்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பல் குச்சியால் சுவிட்ச் இடுக்கில் இருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, "பூசை போடறது தப்பில்ல சார், ஈரமா போடாதீங்க" என்றார். கதவுக்கும் வழி சொன்னார். "இது ஒண்ணும் போய்டல. ஓரத்துல ஒரு பட்டி வெச்சு ஒட்டி, அத இழைச்சு அளவுக்குக் கொண்டாந்துரலாம். பட்டிக்கு மட்டும் நல்லாக் காஞ்ச மரமா பாருங்க. பச்ச மரம் வேணாம்." கனகம்மாசத்திரத்து மரவாடிக்குப் போய், ஒரு வேப்பம்பட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஈரமாக இல்லை. காய்ந்த மரம்தான் என்று வாங்கி வந்து ஒட்டினேன்.

இந்த முறை வேஸ்ட்டுக் கட்டையில் நாலு நாள் ஓட்டினேன் பாவா, சத்தியமாக. கோமளவல்லியே ஒரு துணியை எடுத்துத் திருகிலிருந்த பத்துப் பொட்டைத் துடைத்து, பாய் அடையாளம் காட்டிய அவர் பொட்டை மட்டும் விட்டாள். சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். முன்கையை லேசாகவும் பின்கையை அழுத்தியும், அவசரப்படாமல் ஒரே சீராகத் தள்ள வேண்டும் என்று மெஷினே எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஐந்தாம் நாள் அந்தப் பட்டியின் மேல் வைத்துத் தள்ளினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெஷின் முனகாமல் ஓடியது, வெங்காயத் தோல் போல மெல்லிசாகச் சுருள் சுருளாக வந்து காலடியில் குவிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. கோமளவல்லி ஒரு சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீங்களா பண்ணீங்க?" என்றாள். ரிட்டையரான நாளிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம் பாவா. அந்தச் சந்தோஷத்தில் சப்பாத்திப் பலகை, மணை, அரிவாள்மணைக் கட்டை எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டேன். சப்பாத்திப் பலகை இப்போது சப்பாத்தி கனம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு மெஷினை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டாள்.

நேற்று கதவை மாட்டினேன். ஒற்றை விரலால் தள்ளினால் திறக்கிறது, ஒற்றை விரலால் இழுத்தால் சாத்துகிறது. தேக்கும் வேம்பும் சேர்ந்து நிறம் மட்டும் இரண்டாக இருக்கிறது, அக்கா கேட்டால் அது டிசைன் என்று சொல்லவும்.

பாவா, இனிமேல்தான் நான் எழுத வந்தது. அன்றைக்கு நான் செய்தது தவறு. கதவைத் தாங்கள் உடைக்க வந்தபோது நான் விலகி நின்றிருக்க வேண்டும். மரத்தைப் பார்த்தேன், உள்ளே இருந்தவளைப் பார்க்கவில்லை. இதை ஆறு வருஷமாக வாயால் சொல்ல வரவில்லை, பேனாவால் வருகிறது. கிருத்திகைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நேரடியாகச் சொன்னால் மாட்டேன் என்பாள். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, சீரியல் முடிந்து, நல்ல மனநிலையில் இருக்கும்போது, கங்காதரன் கதவைச் சரி செய்துவிட்டானாம், தன் கையாலேயே செய்தானாம் என்று மட்டும் யாரோ சொன்ன மாதிரி சொல்லுங்கள். எலுமிச்சம்பழ விஷயம் வேண்டாம். பொட்டு விஷயமும் வேண்டாம். ஹோல்டான் என்று கத்தியதை எக்காரணம் கொண்டும் சொல்லக் கூடாது. வந்து அந்தக் கதவை அவளே ஒருமுறை விரலால் தள்ளிப் பார்க்கட்டும், எனக்கு அது போதும்.

தங்கள் கடை வியாபாரம் பெருக வேண்டும், அக்காவின் கால் வலி இல்லாமல் படியேற வேண்டும், எங்கள் வீட்டுச் சோறு தங்கள் இருவர் இலையிலும் விழ வேண்டும் என்று மலைமேல் இருப்பவனை வேண்டி இத்துடன் முடிக்கிறேன். கோமளவல்லி தங்களுக்கு நமஸ்காரமும் அக்காவுக்கு நமஸ்காரத்தோடு கூடிய ஊறுகாயும் தருவதாகச் சொல்கிறாள். ஊறுகாய் நேரில் வந்தால்தான்.

என்றும் தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
கங்காதரன்.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறையை ஒட்டப் பசை எடுக்கலாம் என்று பின்னறைக்குள் போனேன். காற்றில் காகிதம் பறந்ததால் கதவை ஒற்றை விரலால் சாத்தினேன். வெளியே அப்போதுதான் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. பசையை எடுத்துக்கொண்டு திரும்பி ஒற்றை விரலால் இழுத்தேன். பிறகு ஒரு கையால் இழுத்தேன். பிறகு சுவரில் காலை வைத்து இரண்டு கையாலும் இழுத்தேன். அந்த வேப்பம்பட்டி பச்சை மரம்தான் பாவா, கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாதாம்.

"கோமளா, பாய்க்குப் போன் போடு" என்றேன். "ஆங், போடறேன்" என்று போனவள், தங்கள் போனுக்குப் போட்டிருக்கிறாள். வேண்டுமென்றே செய்தாளா, பதற்றத்தில் செய்தாளா என்று இந்த நிமிஷம் வரை நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம், "அண்ணி, அவரு உள்ள மாட்டிகினாரு, அதே கதவுதான்" என்று அவள் சொன்னதும், பிறகு போன் வைக்கிற சத்தமும்தான். அவ்வளவுதான், இனி அக்கா சிரித்துச் சிரித்தே ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு பாயில் படுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் ஆட்டோ நின்றது. "எங்கடி அவன்?" என்று குரல். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்குள் அந்தக் குரல் பாவா. எழுந்து கதவோடு கதவாக ஒட்டி நின்றேன்.

"டேய் கங்கா, தண்ணி கிண்ணி குடிச்சியா?"

"இல்லக்கா."

"எவ்ளோ நேரமா கீற உள்ள?"

"ஒண்ணரை மணி நேரம்க்கா."

"டீச்சரம்மா, உங்க வூட்ல கடப்பார இருக்குதா?" என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. யாரையும் யோசனை கேட்கவில்லை, ஆசாரிக்கு ஆள் அனுப்பலாமா என்று சொல்லவில்லை, கதவு என்ன மரம் என்று பார்க்கவில்லை. "தள்ளி நில்றா" என்றாள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எனக்கே தெரியாமல் என் வாயில் "தே..." வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். நாலே அடி. நைனாவின் கதவு, என் பட்டி, நான் ஐந்து நாள் இழைத்த வழவழப்பு எல்லாம் உள்பக்கம் வந்து விழுந்தன. அக்கா கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, "கண்ணு இன்னாடா ஆச்சி?" என்றாள். நான் அழுதுவிட்டேன் பாவா. அறுபது வயதில், இரண்டு கண்ணாலும்.

ஆகவே மேலே கதவைப் பற்றி எழுதியது எதுவும் இப்போது செல்லாது. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியதும் செல்லாது, இந்தக் கடிதம் மேஜைமேல் கிடந்தது, எலுமிச்சம்பழம் வரை சத்தமாகப் படித்துவிட்டாள், இப்போது பிரேமகுமாரி டீச்சருக்காக மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறாள். தங்களிடம் சொல்லாமல் பஸ்ஸேறிவிட்டாளாம். தாங்கள் பக்கத்துக் கடை போனிலிருந்து கூப்பிட்டபோது "தம்பி வூட்ல கீறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாளே, அதற்கு விளக்கம்தான் இந்தப் பத்துப் பக்கமும் என்று வைத்துக்கொள்ளவும். கிருத்திகை முடியும்வரை அவள் இங்கேதான், காவடியும் இந்த வீட்டிலிருந்துதான் புறப்படும். தாங்களும் கடையைச் சாத்திவிட்டு உடனே வாருங்கள். வரும்போது நல்ல அழுத்தமான துணியாக, பின்னறை வாசலில் தொங்கவிடுகிற அளவுக்கு ஒன்று கொண்டுவரவும். அந்த அறைக்கு இனிமேல் கதவு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். அதை அவளுக்கு முந்தியே நான்தான் சொன்னேன்.